எந்த நாளிலிருந்து அது நோவு

என் அண்ணனுக்கு முதலில் போனது வலது கைதான்.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி அவருடைய கோழிப்பண்ணை இருக்கிறது. முட்டை அட்டைகளை வண்டியில் ஏற்றும்போது ஆட்களோடு ஆளாக நின்று தூக்கிக் கொடுப்பது அவர் வழக்கம். ஒரு மார்கழிக் காலையில் அட்டை கையிலிருந்து நழுவி விழுந்தது. குளிரில் விரல் மரத்துப்போச்சு என்று சொல்லிச் சமாளித்தார். தை பிறந்து வெயில் ஏறிய பிறகும் நழுவிக்கொண்டே இருந்தது. சட்டைப் பொத்தானை நங்கைதான் போட்டுவிட வேண்டியதாயிற்று. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். அவர் கெங்கவல்லியிலிருந்து வாழ வந்தவர்.

நான் சேலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அண்ணன் கையை நீட்டிக் காட்டினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. மேல்கையில் தோலுக்கு அடியில் ஏதோ ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. மழைத்துளி விழுந்த குட்டைபோல இங்கொன்றும் அங்கொன்றுமாக. “வலிக்குதாண்ணா?” என்று கேட்டேன். “வலியே இல்லை சாமி. அதான் பயமா இருக்குது” என்றார்.

சேலத்தில் நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அம்மாவும் வருவேன் என்று காரில் ஏறிக்கொண்டாள். ஊசி குத்தி நரம்பைச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் முடிந்து மருத்துவர் எங்களை உட்காரவைத்து, “இது மோட்டார் நியூரான் நோய்ங்கம்மா” என்றார்.

“மோட்டாருங்களா?” என்றாள் அம்மா. அவளுக்குத் தெரிந்த மோட்டார் கிணற்றில் இருப்பது.

மருத்துவர் சிரிக்கவில்லை. “அப்படியே வெச்சுக்கங்க. மூளையிலிருந்து தசைக்கு உத்தரவு கொண்டு போற நரம்பு இது. ஒயர் கருகிப்போச்சுன்னா மோட்டார் நல்லா இருந்தும் ஓடாதில்லையா? அது மாதிரி. கை, கால், பேச்சு, முழுங்கறது, மூச்சு, ஒவ்வொண்ணா பலம் குறையும். தள்ளிப்போட மாத்திரை இருக்கு. குணமாக்க இல்லை.”

நங்கை அண்ணனுடைய வலது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு மருத்துவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். “குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படிக் கை கால் சூம்புனதுண்டா? மறதி நோய் வந்தவங்க யாராச்சும்?”

“அப்படி ஆரும் இல்லீங்க” என்றாள் அம்மா. நானும் இல்லை என்றுதான் தலையசைத்தேன். எங்களுக்குத் தெரிந்தவரை அதுதான் உண்மை.

“பெரும்பாலும் புத்தி தெளிவாவே இருக்கும்” என்று அண்ணனிடம் சொன்னார் மருத்துவர். “சில பேருக்கு மட்டும் நடவடிக்கையில மாத்தம் தெரியும். தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை வீட்டுக்கு வரும் வழியிலேயே மறந்துவிட்டோம். கையைப் பற்றிய கவலையே போதுமானதாக இருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தீவனக் கொட்டகையில் நங்கை வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அண்ணன் அப்போது பக்கத்தில்தான் இருந்திருக்கிறார். கால் கொஞ்சம் இழுத்தாலும் நடை இருந்தது. கீழே கிடந்தவரைத் தாண்டிப் போய், வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். வேலைக்காரப் பெண்மணிதான் ஓடிவந்து தூக்கினார். நங்கை அன்று மாலை என்னிடம் போனில் சொன்னார்.

“கை ஒடஞ்சதுகூட எனக்கு ஒண்ணும் தெரியல. தாண்டிப் போனாரு பாரு. ஒரு செங்கல்லத் தாண்டற மாதிரி.”

நோயாளிதானே, தன்னால் தூக்க முடியாது என்ற வேதனையில் அப்படிப் போயிருப்பார் என்று சமாதானம் சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன். அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு சாவு. அண்ணன் எழவு வீட்டில் பிணத்தின் முன்னால் நின்று சிரித்தார். துக்கத்தில் வாய் கோணுவது அல்ல, நல்ல சத்தமான சிரிப்பு. ஆட்கள் அவரைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்தார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். மத்தியானம். அம்மா சமையல்கட்டில் குச்சிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் உள்ளே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. இடது கையால் அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை இழுத்து, மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, உள்ளங்கையால் அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். உதடு, தாடி, சட்டை எல்லாம் சர்க்கரை. மெல்லும்போது எங்கள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. நாங்கள் இருக்கிறோம் என்பதே அதில் இல்லை.

அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டாள்.

“ஊட்டுக்குள்ள வந்துட்டாரு” என்றாள்.

“ஆரும்மா?”

“உங்கப்பன்.”

அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. அதே நிற்பு. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து.

அப்பா போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டுக் குடும்பத்தை நடத்தியவர். அம்மாவை ‘வாங்க போங்க’ என்று பேசுவார் என்று ஊரே கேலி செய்யும். ஐம்பது தாண்டியதும் அவர் மாறினார். சொந்தப் பங்காளி செத்த வீட்டில் சிரித்தார். வெல்லத்தை ஒளித்து வைத்தால் அம்மாவின் கையை முறுக்கினார். தினமும் ஒரே வழியில் நெடுஞ்சாலை வரை நடந்து, மழையாக இருந்தாலும் அதே வழியில் திரும்பி வந்தார். ராசிபுரம் பேருந்து நிலையத்தில், ஊர்க்காரர்கள் பார்க்க, அம்மாவைக் கன்னத்தில் அறைந்தார். அவருக்கு மறதி என்று எதுவும் கிடையாது. எந்தக் காட்டை யாரிடம் எப்போது வாங்கினோம் என்று கடைசிவரை சொல்வார். அதனால்தான் அதை நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெட்டுப்போய்விட்டார் என்றார்கள், பித்து என்றார்கள், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். கோயில் கோயிலாகக் கூட்டிப்போனோம்.

கடைசி வருடம் பேச்சு நின்றுபோனது. நாம் பேசினால் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்வார். வேட்டி முடிச்சைக் கையால் போட முடியவில்லை. தோள்பட்டை இறங்கிச் சட்டை தொங்கியது. சரியாகச் சாப்பிடாததால் இளைத்துவிட்டார் என்று நினைத்தோம். ஒரு மத்தியானம் சோறு புரையேறி, மூச்சு முட்டி, கயிற்றுக் கட்டிலிலேயே போய்விட்டார். அம்மா அழவில்லை. அன்றிலிருந்து அவரைப் பற்றிப் பேச நேர்ந்தால் ‘அந்தாளு’ என்பாள். எங்கள் வீட்டில் அப்பாவின் படம் மாட்டப்பட்டதே இல்லை.

இப்போது சொந்தக்காரர்களும் அம்மா சொன்னதையே சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பன் மகன்மேல் இறங்கியிருக்கிறான், பூசாரியைக் கூப்பிடுங்கள் என்றார்கள். நங்கைக்கு அதில் விருப்பமில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியும், பெரியவர்கள் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பூசாரி உடுக்கையோடு வந்தார். வாசலில் அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து வேப்பிலையால் தடவி, “ஆருன்னு சொல்லு” என்றார்.

“சொல்லு சொல்லு சொல்லு” என்றார் அண்ணன். நாக்கு ஏற்கெனவே குழற ஆரம்பித்திருந்தது.

கூட்டம் அப்படியே அடங்கியது. அப்பாவின் கடைசி வருடம் நினைவிருந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அம்மா தூணைப் பிடித்து எழுந்து, மகன் முன்னால் போய் நின்றாள். இருபத்தைந்து வருடமாக ‘அந்தாளு’ என்றவள், புதுப்பெண்போலத் தலைகுனிந்துகொண்டு பேசினாள்.

“ஏனுங்க, என்னையப் படுத்துனது பத்தலீங்களா? நான் ஒரு வார்த்தை வெளிய சொன்னனா? என்ற பையன உட்டுப்போட்டுப் போயிருங்க. வேணும்னா எம்மேல வாங்க.”

அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “கருப்பட்டி இருக்குதா?” என்றார்.

அம்மா உள்ளே போய்க் கருப்பட்டி எடுத்துவந்து கொடுத்தாள். பூசாரியை நங்கை சாப்பிடவைத்து அனுப்பினார். திங்கட்கிழமை நாங்கள் மறுபடியும் சேலம் போனோம்.

இந்த முறை மருத்துவரிடம் நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு, வெல்லம், ஒரே வழி நடை, அறை, கடைசியில் வேட்டி முடிச்சு, புரையேறியது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நடுநடுவே கேள்வி கேட்டார். தோள் இளைத்தது பேச்சு நின்ற பிறகா, முன்னாலா? சொன்ன சொல்லைத் திருப்பிச் சொன்னாரா? எல்லாம் கேட்டு முடித்ததும் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“அம்மா, மகனுக்குக் கையில ஆரம்பிச்சுது. அப்பாவுக்கு மூளையோட முன்பக்கத்துல ஆரம்பிச்சிருக்கும்போல. மத்தவங்க வலி நமக்குத் தெரியறது, வெக்கம், பொறுமை, இதெல்லாம் அந்த எடத்து வேலை. அது அழியறதும் டிமென்ஷியாதான். மறதி வராமயே வர்ற டிமென்ஷியா. ஒரு காலத்துல இதையும் தசை நோவையும் வேற வேறன்னு நெனச்சாங்க. இப்ப பாத்தா நெறையப் பேருக்கு ரெண்டு எடத்துலயும் ஒரே புரதம் கெட்டு, செல்லுக்குள்ள கட்டி கட்டியாத் தேங்குது. சில பேருக்குத் தசையோட நிக்குது, சில பேருக்குப் புத்தியோட நிக்குது. சில பேருக்கு ஒண்ணுல ஆரம்பிச்சு இன்னொண்ணுக்குப் போகுது. ஏன் அப்படின்னு முழுசா இன்னும் தெரியல. சில குடும்பங்கள்ல தலைமுறையாவும் வருது.”

“அப்ப அவருக்கும் இதே நோவுதானுங்களா?” என்றாள் அம்மா.

“அவரை நான் பாக்கல. சத்தியம் பண்ண முடியாது. ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா அப்படித்தான் தெரியுது.”

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

“எந்த நாள்ல இருந்துங்க?”

மருத்துவருக்குப் புரியவில்லை.

“எந்த நாள்ல இருந்து அது நோவு? அடிச்ச நாள்ல இருந்தா? எழவு ஊட்டுல சிரிச்ச நாள்ல இருந்தா? அதுக்கும் முந்தி என்ற தங்கச்சி கல்யாணத்துக்கு வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. அது அவருங்களா, நோவுங்களா? நான் ஆருமேல இத்தன வருசம் கோவமா இருந்தேன்னு எனக்குத் தெரியோணுமுங்க.”

“அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா. மெல்ல மெல்ல வர்றது. இங்கதான்னு கோடு போட முடியாது.”

திரும்பும்போது காரில் அண்ணன் எதிரே வந்த லாரிகளின் எண்ணைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தார். ஆண்டகளூர் கேட் தாண்டியதும் அம்மா ஜன்னல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே, “நோவுன்னு சொல்லிட்டா ஆச்சா? அறை வாங்குனது என்ற கன்னம்” என்றாள். அவள் என்னிடம் சொல்லவில்லை.

அதன்பிறகு அண்ணன் ஒன்றரை வருடம் இருந்தார். நடை போனது, பேச்சு போனது. நங்கை பண்ணையையும் பார்த்துக்கொண்டு அவரைத் தூக்கி இறக்கினார். சாப்பாடு கொடுப்பது அம்மாவின் வேலை. புரையேறாமல் இருக்க, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, தாடையை நெஞ்சுப் பக்கம் குனியவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அண்ணன் சில நாள் கஞ்சியை அவள் முகத்தில் துப்பிவிட்டுச் சிரிப்பார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கரண்டியை நீட்டுவாள். ஒருமுறைகூடக் கடிந்து பேசி நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் பாதியில் கரண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “உங்கப்பனுக்குத் தலையக் குனியச் சொல்லி ஊட்டோணும்னு அன்னிக்கு எனக்கு ஆரும் சொல்லலியே கண்ணு” என்றாள். உடனே கஞ்சி ஆறிவிடும் என்று திரும்பிக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு முற்பகல், மூச்சு ஆழம் குறைந்துகொண்டே வந்து, நங்கை அவர் நெஞ்சில் கை வைத்திருக்கும்போதே நின்றது. எழவுக்கு வந்தவர்கள் இவன் பாவம், நோவுல போனான் என்று அழுதார்கள். அப்பாவுக்கு அப்படி யாரும் அழுததில்லை என்பது அன்று எனக்கு ஓயாமல் தோன்றிக்கொண்டிருந்தது.

அம்மாவை என்னோடு சேலத்துக்குக் கூட்டிவந்துவிட்டேன். அண்ணன் இருக்கும்போதே அவர் ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவு அவர் இறந்த பிறகு வந்தது. தேடிப் பார்த்தவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. நான் நிம்மதியாக எழுந்தபோது மருத்துவர், “இல்லைன்னு அர்த்தம் இல்லைங்க. நமக்குத் தெரிஞ்ச எடத்துல இல்லை, அவ்வளவுதான்” என்றார். எனக்குச் சோதித்துப் பார்ப்பதில் பொருளில்லை என்றும், பயந்துகொண்டே வாழ வேண்டாம் என்றும் சொன்னார்.

நான் பயந்துகொண்டேதான் வாழ்கிறேன். கரும்பலகையில் எழுதும்போது சாக்பீஸ் உடைந்தால் விரலைப் பார்க்கிறேன். அதைவிட மோசமானது, என் மனசையே நான் வேவு பார்ப்பது. வகுப்பில் ஒரு பெண் அழுதபோது எரிச்சல் வந்தது. அது களைப்பா, அல்லது அந்த இடம் அழிகிறதா? டீயில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடலாம் என்று தோன்றினால் கை நின்றுவிடுகிறது. சாதாரண மனுஷிக்கு இருக்கும் கெட்ட குணங்கள்கூட எனக்கு இப்போது சொந்தமில்லாமல் போய்விட்டன.

அம்மாவும் என்னைக் கவனிக்கிறாள். ஒருமுறை சிலிண்டர் கொண்டுவந்தவர் தாமதமாக வந்ததற்காக அவரைக் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டேன். கதவைச் சாத்தித் திரும்பினால் அம்மா பின்னால் நிற்கிறாள். என் வலது கையைப் பிடித்து, திருப்பி, கட்டைவிரல் அடியில் அழுத்திப் பார்த்தாள். பிறகு என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லை சாமி. வெறும் கோவந்தான்” என்றாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சங்கடமாப் பாக்கறயே. அவிய அப்படிப் பாக்கமாட்டாங்க.”

அவிய என்று அவள் அப்பாவையும் அண்ணனையும் சேர்த்துச் சொன்னாளா, அப்பாவை மட்டும் மரியாதையாகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் அண்ணன் மகனுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பார்த்தார்கள். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் நங்கை, “சொல்லிடணும். மறைச்சுக் கட்டுனா அந்தப் பொண்ணு நாளைக்கு என்னையக் கேக்கும்” என்றார். சொந்தக்காரர்கள் தடுத்தும் கேட்காமல், பெண்ணின் அப்பா அம்மாவிடம் நேரிலேயே போய், மாமனார் கதை, புருஷன் கதை இரண்டையும் சொன்னார். வரலாம், வராமலும் போகலாம், யாருக்கும் தெரியாது என்றும் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் பக்கத்திலிருந்து வெகு நாள் சத்தமே இல்லை. முடிந்துபோனது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்ணே நங்கைக்குப் போன் செய்தது. “எனக்கு அவரோட பேசோணுமுங்க அத்தை” என்று கேட்டதாம். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. வைகாசியில் கல்யாணம் நடந்தது.

ஆடி நோன்புக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு நான் பண்ணைக்குப் போயிருந்தேன். புதுப்பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நங்கை பக்கத்தில் உட்கார்ந்து, “மாமா எப்படி இருப்பாங்க அத்தை? நல்லா இருந்தப்ப” என்று கேட்டது.

நங்கை சொல்ல ஆரம்பித்தார். பெண் பார்க்க வந்த அன்று காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டது. பண்ணை வைத்த முதல் வருடம், வெயிலில் கோழிகள் சுருண்டு விழுந்தபோது ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீர் காட்டியது. மகனுக்குக் காய்ச்சல் என்று ராசிபுரம் வரை தோளில் போட்டுக்கொண்டு ஓடியது. நான் கேட்டிராத கதைகள். அம்மாகூடச் சிரித்தாள். கடைசியில், குடும்பத்தோடு எல்லாரும் ஒகேனக்கல் போய்ப் பரிசலில் சுற்றியதையும், அண்ணன் தண்ணீரை அள்ளி எல்லார்மேலும் வீசியதையும் சொன்னார்.

“அவ்வளவுதான் சாமி” என்று எழுந்தார். “தண்ணித் தொட்டி நெரம்பியிருக்கும். மோட்டார நிறுத்திட்டு வர்றேன்.”

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒகேனக்கல் போனது அண்ணன் கையிலிருந்து முட்டை அட்டை விழுவதற்கு இரண்டு வருடம் முந்தி. அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கு அவர் எனக்குப் புடவை எடுத்துக்கொண்டு சேலம் வந்தார். என் பையன்களோடு மொட்டை மாடியில் வெடி வெடித்தார். கிளம்பும்போது என் தலையில் கைவைத்து, “ஒடம்பப் பாத்துக்க சாமி” என்று சொன்னார். அந்த இரண்டு வருடத்தையும் என் அண்ணனோடு இருந்த காலமாகத்தான் நான் பத்திரமாக வைத்திருந்தேன். ‘நல்லா இருந்தப்ப’ என்ற கதையில் நங்கை அவற்றைச் சேர்க்கவில்லை. அவரோடு ஒரே வீட்டில் இருந்தவர், எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

நங்கை திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் டீ போடட்டுமா என்று கேட்டார். போடுங்க என்றேன்.